மூன்று மணிக்குத் திறந்த ஜன்னல்

என் குறிப்பேட்டில்: ஜூலை, செவ்வாய், பிற்பகல் ஒரு மணி, லண்டனில் ஹவுன்ஸ்லோ பேருந்து. முன் இருக்கைப் பெண், மாமனாரோடு கிரேக்கக் கிராமமொன்றுக்கு விடுமுறைக்குப் போயிருந்த கணவருடன் ஸ்பீக்கரில் பேசினார். அங்கே அப்போது மூன்று மணி.

“மாமாவுக்குத் தலை சுத்துது எண்டுறியள், ஜன்னலைத் திறந்தோ வச்சிருக்கிறியள்?”

“காத்து வரவேணுமெல்லே.”

“அது காத்தில்லை, அனல். ஊரே ஜன்னலைச் சாத்திப்போட்டுப் படுத்திருக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“யாழ்ப்பாண வெயில் பாத்த எங்களுக்கு இதென்ன?”

“முப்பது வருசமா ஹீட்டரடியில இருந்த ஆள் நீங்கள். மாமாவிட்ட போனைக் குடுங்கோ.”

தளர்ந்த குரலொன்று வந்தது. “நான் ரெண்டு தரம் சாத்தினனான், பிள்ளை. இவன் திரும்பத் திறக்கிறான்.”

“நீங்கள் எழும்பாதேங்கோ, மாமா. அவர் சாத்துமட்டும் நான் லைனில நிக்கிறன்.”

ஜன்னலின் மரக்கதவு மோதும் சத்தம் கேட்டது. சாத்தியதா, திறந்ததா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. என் நிறுத்தம் வந்துவிட்டது.