முன்னறைச் சுவரில் நாலு திட்டு

உலகம்மாள்: ...செரி, செவரப் பாருங்க. பெயிண்டர் விபின் சாம்பிளுக்கு நாலு திட்டு அடிச்சு வச்சிருக்கான். எது வேணும்?

குலசேகரன்: கொஞ்சம் இருடி. கட்டிலு, பீரோ எல்லாம் வெளிய முத்தத்துக்குச் சொமந்து நடுவு ஒடிஞ்சு கெடக்கு. உக்காந்து பாக்கேன்.

உலகம்மாள்: அங்க இருந்தா தெரியுமா?

குலசேகரன்: எனக்கா? இஞ்ச இருந்தே சுசீந்திரம் கோபுரத்துப் புறாவ எண்ணுவேன். அதுல ஒண்ணுக்குச் சளி.

உலகம்மாள்: கஞ்சி குடிக்க இருந்தாலும் இதே புறாக் கத...

விபின்: மாமா, மதியமாச்சு. ஒரு நெறத்தச் சொன்னா நான் பெயிண்ட கலக்குவேன்.

உலகம்மாள்: புறாவ எண்ணுத ஆளுதான் போன வாரம் ஸ்கூட்டர வாழக்கொலக் கடைக்குள்ள விட்டது.

குலசேகரன்: உனக்குக் கத சொல்லத் திரும்பினேன். அதுக்குள்ள கட ரோட்டுக்கு எறங்கி வந்துட்டு. நான் பிரேக்குப் பிடிச்சேன்... அது பிடிக்கல்ல.

உலகம்மாள்: உங்க கண்ணுல புரை. நாளைக்கு நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரிக்கு...

குலசேகரன்: வரமாட்டேன்.

உலகம்மாள்: சொல்லிச் சொல்லி எனக்கு மடுத்துப் போச்சு. செரி, ஒரு பந்தயம். நாலு திட்டும் என்ன நெறம்ணு பிரிச்சுச் சொல்லுங்க. தோத்த ஆளு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு.

குலசேகரன்: யாரா இருந்தாலுமா?

உலகம்மாள்: யாரா இருந்தாலும்.

குலசேகரன்: விபினே, கேட்டியா?

விபின்: கேட்டேன் மாமா... சீக்கிரம்.

குலசேகரன்: மொதல்ல உள்ளது பழைய தந்தம். திருவட்டாறுல ஒரு ஆன எனக்கிட்ட பல்லு தேய்க்கப் பொடி கேட்டுல்லா, அதுக்க கொம்பு இதே நெறம்.

உலகம்மாள்: ம்...

குலசேகரன்: ரெண்டாவது, செவப்புத் தட்டுன சந்தனம். மூணாவது, சாயாவுல முக்குன பிஸ்கட்டு. முக்காத பிஸ்கட்டு இல்ல, பாத்துக்கோ. நாலாவது வறுத்த ரவ.

உலகம்மாள்: நாலும் வேற வேறயா? சத்தியமா?

குலசேகரன்: எனக்க மீச மேல சத்தியம்.

விபின்: மாமாவுக்கு மீச இல்லியே.

குலசேகரன்: உனக்கும் நல்ல கண்ணு மக்கா.

உலகம்மாள்: போரும் புளுகு! நாலும் ஒரே டப்பாவாக்கும். நான்தான் விபினுக்கிட்ட அப்பிடி அடிக்கச் சொன்னேன். இன்னா, மூக்கு முட்ட நிண்ணு பாக்கேன். எல்லாம் ஒண்ணுபோலக் கெடக்கு.

குலசேகரன்: விபினே... நீ சொல்லு.

விபின்: மாமி... நீங்க ஒரே டப்பான்னுதான் சொன்னீய. நீங்க சாயா போடப் போனப்போ மாமா வந்து, நாலு சாம்பிள் டப்பாலயும் ஒவ்வொண்ணு அடின்னு சொன்னாவ. டப்பா நாலும் தொறந்துதான் இருக்கு.

உலகம்மாள்: எங்க?

விபின்: உங்க காலுகிட்ட.

குலசேகரன்: தோத்தது நீயாக்கும். நீ பொறுக்குன பயறுல கல்லு கடிக்காத நாளு உண்டாடி? நான் மெல்லுத சத்தம் உனக்குக் கேக்கப்பிடாதுண்ணுதான் கஞ்சி குடிக்கும்போ புறாவப் பறக்க விட்டது. ஆஸ்பத்திரியில உனக்க பேரச் சொல்லி வச்சாச்சு.

உலகம்மாள்: எனக்குக் கண்ணு மங்கினது எனக்குத் தெரியாதா? வாழக்கொலக் கடைய இடிச்சதும், உங்களுக்கும் போச்சுண்ணு நெனச்சேன். ரெண்டு பேரும் தடவிக்கிட்டு நிண்ணா, பின்ன யாரு யாரக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகதுக்கு? அதுக்காக்கும் மொதல்ல உங்கள ஆஸ்பத்திரிக்கு வெரட்டுனது.