ஏரிக்கரை வரை ஒரு வெளிநடப்பு

ரோஹிணி: ...இல்லங்க, கோவிச்சுக்கிட்டு வரல. அந்த வார்த்தையச் சொல்லாதீங்க.

ஸ்ரீநிவாசன்: பொண்ணு நிச்சயத்துல, தட்டு மாத்துற நேரம் பாத்து பெத்தவ எழுந்து வெளிய போயிட்டா... வேற என்னன்னு சொல்றது?

ரோஹிணி: சொல்லிட்டுத்தானே வந்தேன். வெளிநடப்பு செய்றேன்னு.

ஸ்ரீநிவாசன்: மாப்பிள்ளையோட சித்தப்பா சிரிச்சுட்டார். இது என்ன சட்டசபையான்னு...

ரோஹிணி: சிரிக்கட்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காருங்க, அங்க எறும்பு.

ஸ்ரீநிவாசன்: பட்டுப்புடவையோட சேலையூர் ஏரிக்கரைல... செருப்பு எங்க?

ரோஹிணி: போடல. கேம்ப் ரோடைத் தாண்டினதே ஞாபகம் இல்ல. தூக்கத்துல நடந்த மாதிரி இருந்தது... அந்த நாரையப் பாருங்க. அசையவே இல்ல.

ஸ்ரீநிவாசன்: தூங்குதோ என்னமோ.

ரோஹிணி: தண்ணிக்குள்ள இன்னொண்ணு தலைகீழா நிக்குது. அதுவும் தூங்குது.

ஸ்ரீநிவாசன்: ம்... சரி, கோவிச்சுக்கிட்டு வர்றதுக்கும் வெளிநடப்புக்கும் என்ன வித்தியாசம்? தமிழ் டீச்சர்தானே, சொல்லு.

ரோஹிணி: கோவிச்சுக்கிட்டுப் போறவங்க, பின்னாடி யாராவது கூப்பிட வராங்களான்னு பாத்துக்கிட்டே போவாங்க. வெளிநடப்புன்னா... நீங்க செய்யறதுல எனக்குப் பங்கில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போறது.

ஸ்ரீநிவாசன்: வெளிய போனவங்க இல்லாமலே தீர்மானம் நிறைவேறிடுமே.

ரோஹிணி: தெரியும். அதான் பயமா இருக்கு. நான் இங்க நாரையப் பாத்துக்கிட்டிருக்கேன், அங்க உங்க அண்ணா தட்டை மாத்திட்டார்னா...

ஸ்ரீநிவாசன்: இந்தா, என் செருப்பைப் போட்டுக்கோ.

ரோஹிணி: போன் அடிக்குது பாருங்க. அண்ணாவாத்தான் இருக்கும். என்னைக் கூட்டிட்டு வரத்தானே உங்களை அனுப்பினார்?

ஸ்ரீநிவாசன்: அடிக்கட்டும்.

ரோஹிணி: அவர் கூப்பிட்டு நீங்க எடுக்காம இருந்ததே இல்லையே...

ஸ்ரீநிவாசன்: காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்.

ரோஹிணி: ஏங்க... நம்ம ஸ்ம்ருதிக்கு இந்தச் சம்பந்தம் இஷ்டமில்ல.

ஸ்ரீநிவாசன்: ம்.

ரோஹிணி: ம்... அவ்வளவுதானா? என் மடில படுத்து அழுதா. அப்பாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டார்னா.

ஸ்ரீநிவாசன்: என்கிட்டயும் அதேதான். அம்மாவுக்குத் தெரிய வேணாம்னா.

ரோஹிணி: ...உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா வேட்டி கட்டிக்கிட்டு சபைல உக்காந்திருந்தீங்க?

ஸ்ரீநிவாசன்: என்னை வளர்த்துப் படிக்க வெச்சவர் அண்ணா. அவர் முன்னாடி எனக்குப் பேச்சே வராது, தெரியும்ல. நேத்துகூட அவர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். இன்னைக்கு நீ எழுந்து போனதும் பக்கத்துல உன் நாற்காலி காலியாக் கிடந்துது. அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் நானும் எழுந்துட்டேன்.

ரோஹிணி: எழுந்து?

ஸ்ரீநிவாசன்: பொண்ணுக்குச் சம்மதமில்ல, எங்களுக்கும் இல்ல, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவங்க தட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அண்ணா இப்ப கூப்பிடறது என்னைத் திட்டறதுக்கு.

ரோஹிணி: ஸ்ம்ருதி?

ஸ்ரீநிவாசன்: தலைப்பூவையெல்லாம் எடுத்து வெச்சுட்டு, தூக்கம் வருதுப்பான்னு படுத்துட்டா.

ரோஹிணி: இவ்வளவு நேரம் இதைச் சொல்லாம...

ஸ்ரீநிவாசன்: சொன்னா உடனே எழுந்து ஓடுவ. நீ சும்மா உக்காந்து நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

ரோஹிணி: ...இன்னொண்ணும் இருக்குங்க. கோவிச்சுக்கக் கூடாது. அவ மனசுல ஒரு பையன் இருக்கான். சர்ச்சுக்குப் போற குடும்பம். பேரு...

ஸ்ரீநிவாசன்: ஆல்வின். போன கிருத்திகைக்கு நான் தனியா குன்றத்தூர் போயிட்டு வந்தேன்னு சொன்னேன்ல... தனியாப் போகல. ஸ்ம்ருதி, அவன், நான், மூணு பேரும்தான் முருகன் மலை ஏறினோம். பாதிப் படில எனக்கு மூச்சு வாங்கினப்போ, அவன்தான் கையப் பிடிச்சு மேல கூட்டிட்டுப் போனான்.