தூணருகே ஒரு நாற்காலி

தலைமை வகிக்கும் மறைதிரு தலைமைக் குரு அவர்களே! ஒளிப்பட மன்றத்துப் பெரியோர்களே! ஸ்டான்பரி நகர மக்களே! மேடையேறிப் பழகாதவன் நான். இந்தப் பேராலயத்தின் சாவிக்கொத்தைச் சுமக்கும் டிட்மார்ஷ். ஆனாலும் மறைந்த எங்கள் ஹாக்லியைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஒளிப்படக் கலைஞர் திரு. ஆம்புரோஸ் ஹாக்லி! இந்தப் பழைய கற்களை அவரைப் போல் நேசித்தவர் உண்டா? "டிட்மார்ஷ், நாற்காலியெல்லாம் தூணோட பாதத்த மறைக்குது. கொஞ்சம் எடுங்களேன்" என்பார். "உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. என் இடுப்புல்ல போகுது!" என்பேன். எல்லாவற்றையும் தூக்கி முடித்ததும் மேகம் வந்துவிடும். "நாளைக்குப் பாப்போம்" என்பார், பாவி மனிதர்!

அவருடைய கேமராப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் படம் பதிய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் எவரும் படத்தில் விழமாட்டார். பேராயரே குறுக்கே போனாலும் காணாமல் போவார்!

ஆப்பிரிக்கப் போரில் மகனைப் பறிகொடுத்த தோர்லி அம்மா ஒரு நாள் படம் எடுக்கும் நேரத்தில் வந்தார். நான் எடுக்காமல் விட்டிருந்த ஒரே நாற்காலியில், தூணருகே உட்கார்ந்தார். மூடி கழற்றியாயிற்று. "ஐயா, நான் எழுந்துக்கணுமா?"

"உக்காருங்கம்மா. நீங்க ஜெபம் பண்ண வந்தவங்க. நான் வேடிக்கை பாக்க வந்தவன்" என்றார் ஹாக்லி.

தோர்லி அம்மா அசையவே இல்லை. படத்தில் அவர் மட்டும் விழுந்தார்.

மன்றத்தின் தேர்வுக் குழு என்ன சொன்னது? "நெகட்டிவ்ல கொஞ்சம் மை தொட்டு அந்தக் கறைய மறைச்சிடுங்க. பதக்கம் உங்களுக்குத்தான்."

"கறையா? அந்த அம்மாவுக்குப் பேரு இருக்கு சார்!" பதக்கம் போயிற்று. அவர் கவலைப்படவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இப்போது மன்றம் போடும் ஹாக்லி நினைவு மலரில் அதே படம் வரப்போகிறதாம், அதே மை பூசி! பெரியோர்களே, இது அடுக்குமா? அவர் கண்ணை மூடியதும் அந்தத் தாயை அழிப்பதா? தோர்லி அம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்: அந்தப் படம் மை படாமல் இந்தச் சுவரில் ஏறும். சாவி என்னிடம் இருக்கிறது, பார்த்துவிடலாம்!

போன வாரம் வெயிலுக்குக் காத்திருந்தபோதுதான் ஹாக்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் வைத்த இடத்திலேயே பெட்டி நிற்கிறது. உள்ளே படம் பதியும் புதுத் தகடு போட்டிருக்கிறேன்.

எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். இன்று உட்கார்ந்தே இருங்கள். தோர்லி அம்மா, அந்த நாற்காலிக்கு வாருங்கள். வெயில் தூணுக்கு வந்துவிட்டது. மூடியை எடுக்கிறேன், இனி யாரும் அசையாதீர்கள்.