சால்வை போத்துன ஆளு

— அந்தச் சால்வைய எங்கிட்டக் காட்டாதப்பா.

— ஏன் தாயி? எம்புட்டுப் பேரு பாத்துக்க. பழங்குடி மொழி விழான்னு வாசல்லயே பேனரு. நம்ம பாசையில ரெண்டு பாட்டு எடுத்து விட்டேன், அப்பிடியே கப்சிப்புன்னு கேட்டாங்க. ஆரப்பாளையத்துல பஸ் ஏறுறப்பக்கூட ஒருத்தன் வந்து கையப் புடிச்சுக் குலுக்குறான்.

— போத்துனது யாரு?

— அது... போன மாசம் வந்தாரே, அந்த ஆபீசருதான்.

— சாதிச் சான்றிதழ் விசாரிக்க வந்தவரு.

— ஆமா.

— நம்ம வாசல்ல நின்னு, 'உங்க பாசையில நாலு வார்த்தை பேசும்மா'ன்னாரு. நான் வாயத் தொறக்கல. 'பாசை தெரியாத புள்ள எப்பிடிப் பழங்குடி'ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. எனக்கு நர்சிங் சீட்டு போச்சு. அவரு கையால நீ சால்வை வாங்கிட்டு வாற.

— அன்னைக்கு நான் பேசிக் காட்டுனேன்ல? சான்றிதழ் கேட்ட புள்ளதான் பேசணும்னுட்டாரு. இன்னைக்கும் மேடையிலயே காதுல போட்டேன், 'எம் மக நாகஜோதிக்கு இன்னொருக்காப் பாருங்கய்யா'ன்னு.

— என்ன சொன்னாரு?

— மைக்கப் புடிச்சு, 'மொக்கையன் மாதிரி ஆளுக பிள்ளைகளுக்குப் பாசையச் சொல்லிக் குடுக்கணும்'னாரு. எல்லாரும் கைதட்டுனாங்க.

— நீயும் தட்டுனியா?

— தட்டாம? மேடையில நிக்கேன்ல.

— சொல்லிக் குடுத்தியா நீ?

— எப்பிடித் தாயி குடுப்பேன்? நான் பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்தா, கொரங்கு பேசுதுன்னு பயலுக சிரிப்பாங்க. வாத்தியாரும் சேந்து சிரிப்பாரு. நாலாப்போட ஓடியாந்துட்டேன். எம் புள்ளைக்கு அது வேணாம்னு நெனச்சேன். வீட்டுல தமிழத் தவிர ஒரு சொல்லு வரக்கூடாதுன்னேன். படிச்சியா இல்லையா நீ?

— அம்மா வாயில வந்துச்சே, அதுக்கு என்ன செஞ்ச?

— பழசக் கெளறாத.

— ஒதட்டுல தையல் போட்டுக் கூட்டியாந்தோம்.

— சரி, விடு. இனிமே நானே கத்துத் தாரேன். விளாங்குடியில ஒன்னைய மாதிரி மண்ட உள்ள புள்ள கெடையாது. அடுத்த விசாரணைக்குள்ள பேசிருவ, பாத்துக்க.

— கத்துத்தர வேணாம்ப்பா. நீ வேலைக்குப் போனதும் அம்மா எங்கிட்ட நம்ம பாசையத் தவிர வேற பேசுனதே இல்ல. அந்த ஆபீசரு கேட்டது அம்புட்டுக்கும் எனக்குப் பதில் தெரியும்.

— பெறகு ஏன் ஊமை மாதிரி நின்ன?

— நீ அம்மா பக்கத்துல நின்னியேப்பா.