ரிலீவர் வரல

…ஆறு மாசம்னுதான் தம்பி சொல்லிட்டுப் போனா! ஆறே மாசம். இப்ப ஒரு வருசம் தாண்டி ஓடிகினு இருக்கு. கேட்டா… இருங்க, அந்தப் பைய கால்கிட்ட வெச்சிக்கிங்க, பண்ருட்டி தாண்டுனா இந்த பஸ்காரன் பிரேக் போட்டே சாவடிப்பான்… எங்க வுட்டேன்? ஆங், எம்பொண்ணு. தமிழ்நிலா. எம்.எஸ்சி. மேத்ஸ். கூடப் படிச்சதுங்கள்லாம் சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போச்சிங்க. இவ ஜாம்பியா போறேன்னா. ஆப்பிரிக்கா தம்பி! ஏதோ கிராமத்து ஸ்கூல்ல கணக்குக்கு வாத்தியார் இல்லியாம். சம்பளம் எவ்ளோன்னேன். "வாலன்டியர்ப்பா, சம்பளம் கெடையாது. தங்க எடமும் சாப்பாடும் தருவாங்க"ன்னா.

எங்க குவார்ட்டர்ஸ் பிளாக்ல ஒருத்தன் பாக்கியில்லாம கேட்டான்… "பொண்ணுக்கு பாரின்ல வேலையாமே, பர்மனென்டா, கான்ட்ராக்டா?" நான் என்னத்த சொல்ல? கான்ட்ராக்ட்காரனுக்காச்சும் மாசம் பொறந்தா ஏதோ கைக்கு வருது! டிரெய்னிங்னு சொல்லி சமாளிச்சேன். பொய்தான். வேற வழி?

சோறு கெடையாது அங்க. வெள்ள மக்காச்சோளத்துல களி. வூட்ல கேவுரு களி கிண்டுனா மூஞ்ச சுளிப்பா, அங்க உருட்டி உருட்டி சாப்புடறா. போட்டோ அனுப்புறா. செந்தாமரை, அதான் எம்பொஞ்சாதி, அத எம்மூஞ்சிக்கு நேரா புடிக்கிறா. என்னமோ நான் கிண்டிப் போட்ட மாதிரி!

சரி, ஆறு மாசம் முடிஞ்சிதே, வரவேண்டியதுதானே? வரமாட்டா. அடுத்து வரவேண்டியவன் வேற வேலை கெடச்சி நின்னுட்டானாம். "ரிலீவர் வராம எப்பிடிப்பா எடத்த வுட்டு வர்றது?"ன்னு என்னையே கேக்கறா. என்னைய!

அது… அது எங்க வூட்டு வார்த்த தம்பி. நான் நெய்வேலி மைன்ஸ்ல முப்பது வருசமா கரி ஏத்திகினு போற பெல்ட்டு ஓட்டுறவன். கரி வந்துகினே இருக்கும். ஷிப்டு முடிஞ்சாலும் அடுத்த ஆளு வந்து நிக்கிற வரைக்கும் நகரக் கூடாது. அந்தாளுதான் ரிலீவர். வரலியா, டபுள் டூட்டி. இவ பொறந்தன்னிக்கு எனக்கு ரிலீவர் வரல. மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயி புள்ள மூஞ்சிய பாத்தேன். மனுசன்னா வெக்கப்படணும். நானு? ஒவ்வொரு பொறந்தநாளைக்கும் கேக்கு வெட்டறதுக்கு முன்னாடி அந்தக் கதைய சொல்லுவேன், பெருமையா! வந்ததுங்கள்லாம் கேக்கையே பாத்துகினு நிக்கும். இது ஒண்ணுதான் கவனமா கேட்டிருக்கு.

இன்னும் கேளுங்க. போன வாரம் போன் பண்ணா. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சிருக்கா, குரலே சரியில்ல. "அப்பா… நான் கெளம்பி வந்துடட்டுமா?"ன்னா. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஒரு வருசமா தவம் கெடக்குறேன்? வா தாயின்னு சொல்லணுமில்ல? என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

"ரிலீவர் வந்துட்டாங்களா?"

"இல்லப்பா… சரிப்பா"ன்னு வெச்சிட்டா.

வாயா தம்பி இது? பெல்ட்டு! நிறுத்தவே தெரியல. அன்னிலேர்ந்து செந்தாமரை பேசறதில்ல. தட்டு வெக்கிற சத்தத்துலயே திட்டு வாங்கிகினு இருக்கேன். மறுநாளே போன் பண்ணி வந்துடு தாயின்னேன். மாட்டேங்கறா. பசங்களுக்குப் பரீட்ச வருதாம். "நீ சொன்னதுதான்ப்பா சரி"ங்கறா. கேக்க பெருமையாதான் இருக்கு… கருமம்!

அதான் நானே ஆள் தேடிகினு கெடக்கேன். எனக்குத் தெரிஞ்சா நானே போயிருவேன். பத்தாவதுல கணக்குலதான் கோட்ட வுட்டவன் நான். இப்பகூட பண்ருட்டில ஒரு மேத்ஸ் பையனப் பாத்துட்டுதான் வரேன். அவங்கம்மா வெளக்கமாத்தோட வந்துட்டாங்க.

ஆமா, உங்க கையில இருக்கறது மேத்ஸ் புஸ்தகம்தானே? ஏறும்போதே பாத்தேன். எம்.எஸ்சி.யா! அட! வேல இன்னும் அமையல… ம். பாஸ்போர்ட் இருக்கா தம்பி? நல்ல ஊரு. களி இருக்கு பாருங்க, அத வுட உடம்புக்கு நல்லது எதுவும் கெடையாது. காய்ச்சல்லாம் சும்மா வரும், போயிடும். ஆறே மாசந்தான் தம்பி…

எங்க எந்திரிக்கிறீங்க? இது காடாம்புலியூரு. நெய்வேலிக்கில்ல டிக்கெட் எடுத்தீங்க? பலாப்பழம் வாங்கவா? இந்த மாசத்துல ஏது தம்பி பலாப்பழம்… தம்பி! பைய வுட்டுடாதீங்க!

ஓடியே போயிட்டாரு.

வாம்மா, உக்காரு, சீட்டு காலிதான். காலேஜா? ஆஸ்டல்லேர்ந்து வரியா? என்ன படிக்கிற… மேத்ஸா! கடைசி வருசமா! அப்ப… பாஸ்போ…

ஒண்ணுமில்ல தாயி. நெய்வேலிதானே? வந்தா எழுப்புறேன், தூங்கு. என்னாது, அப்பாவுக்கு போன் பண்ணி வரட்டுமான்னு கேக்கணுமா? அதெல்லாம் கேக்காதம்மா. அப்பனுங்களுக்கு வாய் சரியில்ல. நேரா வூட்டுக்குப் போயிடு.