எட்டு கம்பியூட்டருக்கும் ஒரே பூட்டு

— எடுக்க மாட்டேன் சேர். தலகீழா நின்னாலும் எடுக்க மாட்டேன். எட்டு கம்பியூட்டருக்கும் நானே ஒக்காந்து போட்ட பூட்டு அது. ஒரு விளம்பரம் உள்ள வரக்கூடாது.

— கேளும் பிள்ளை பிரேமினி, கோவப்படாமல் கேளும். நுவரெலியாவில இருந்து ரெண்டு பஸ் மாறி இந்தப் பேரின்பநாயகம் வாத்தி உம்மட்ட வாறன் எண்டால் காரணம் இல்லாமலே? என்ரை ‘மலைமடல்’ தளத்தை அட்டன் பக்கத்தில பாக்கிற சனம் முழுக்க உம்மட நெட் கடையிலதான் பாக்குது. நீர் விளம்பரத்தை அடைச்சால் எனக்குச் சல்லி வராது. சல்லி வராட்டில் வாற மாசம் தளமே இராது.

— சந்தா கேளுங்க.

— கேட்டனான். போன வருசம் மூண்டு பேர் அனுப்பினவை. அதில ஒராள் நான்.

— அதுக்கு நான் என்ன சேர் செய்ய? ஒங்க பக்கத்தத் தொறந்தாலே, ஒண்ண மூடுனா ஒம்போது மொளைக்குது. திருவிழா நோட்டீஸ் பாக்க வந்த பூசாரி முன்னுக்கு அரகொற துணியோட ஒருத்தி வந்து கண்ணடிக்கிறா. அன்னைக்கு ஓடுன மனுசன், இன்னும் இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கல.

— உண்ணாணைச் சொல்லுறன், அதுகளை நான் தெரிவுசெய்யிறேல்லை. ஆரோ வெளிநாட்டுக் கொம்பனி அனுப்புது.

— வீரய்யா மாமா கத தெரியுமா ஒங்களுக்கு? ‘நீங்கதான் பத்து லட்சமாவது ஆளு, கார் விழுந்திருக்கு’ன்னு மினுக்கு மினுக்குன்னு வந்துச்சு. மனுசன் நம்பிட்டாரு. சேவல அறுத்து லயத்துல இருக்குற அத்தன வீட்டுக்கும் சோறு போட்டாரு. மறுநா வேட்டி கட்டி, மாலையும் கையுமா வந்து, கார் எங்க நிக்குதுன்னு என்கிட்ட கேக்குறாரு!

— ஏ பாப்பா, சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. மூணு மணி பஸ்ஸ விட்டா நான் நோட்டன் பிரிட்ஜுக்கு நடந்துதான் போவணும். விடியக்காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுல நிக்கலன்னா தோட்டத்துக் கண்டாக்கையா பேரு போட மாட்டாரு. என் சங்கதியப் பாத்துச் சொல்லிரு.

— இந்தா பாக்குறேன் நாகலெட்சுமிக்கா. சேர், இவங்க மாசாமாசம் வர்றாங்க. இவங்க அக்கா எழுபத்திரண்டுல கோச்சியும் கப்பலும் ஏறி இந்தியாவுக்குப் போனவங்க. ஒங்க ‘தேடுகிறோம்’ பக்கத்துல ஏதாச்சும் வந்திருக்கான்னு நான்தான் பாத்துச் சொல்றது.

— அக்காவாம் அக்கா! அவளுக்கு ராக்காயின்னு பேரு வச்சதுக்கு ராட்சசின்னு வச்சிருக்கலாம் ஐயா. எங்காத்தா அரைச்ச அம்மி. போற அவசரத்துல கொழவிய மட்டும் மூட்டையில கட்டிட்டுப் போயிட்டா. முப்பத்தாறு வருசமா கல்லு இங்க, கொழவி அங்க. நான் எதை வச்சு அரைக்க? ஒரு கடுதாசி உண்டா? ஒரு சேதி உண்டா?

— அதுக்குத்தானம்மா நான் இந்தத் தளத்தையே துவங்கினது.

— திட்டுறேன்னு நெனைக்காதீங்க ஐயா. அவள விட்டா எனக்குப் பொறந்த பொறப்புன்னு யாரு இருக்கா? அவ செத்தாளா பொழைச்சாளான்னாவது தெரிய வேணாமா?

— பாத்துட்டேன்க்கா. புதுசா ஒண்ணும் இல்ல. தீபாவளிக்கு முந்தி இருந்ததுதான் அப்பிடியே கெடக்கு.

— என்ன, தீபாவளிக்கு முந்தியோ? இப்ப சித்திரை வருசமும் வரப்போகுது. பிள்ளை, திரையை இஞ்சால திருப்பும். மேல ஏன் வெள்ளையாக் கிடக்கு?

— அதான் சேர் விளம்பரப் பெட்டி. என் பூட்டு அடைச்சிருக்கு. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!

— ஐயோ, என்ரை கடவுளே! தேடுற அறிவித்தல் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளயெல்லோ போடுறன்!

— விளம்பரத்துக்குள்ளயா? யாராச்சும் அங்க கொண்டுபோய்ப் போடுவாங்களா சேர்?

— உள்பக்கத்தில கிடந்தால் ஒருத்தரும் பாக்கினமில்லை. எல்லாற்றை கண்ணிலயும் பெரிசாப் படட்டும் எண்டு தீபாவளியோட மேல ஏத்தினன். நன்மைக்குத்தான் செய்தனான்.

— நல்லா செஞ்சீங்க! எது சூதாட்டம், எது சொந்தபந்தம்னு பூட்டுக்குத் தெரியுமா?

— உமக்குத் தெரிய வேண்டாமோ? அஞ்சு மாசமாப் புதுசா ஒண்டும் இல்லை எண்டால் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதோ?

— நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

— அடச்சே, நிறுத்துங்க ரெண்டு பேரும்! அஞ்சு தடவ பஸ் ஏறி வந்து, இல்ல இல்லன்னு கேட்டுட்டுப் போனவ நானு. பூட்டத் தொற பாப்பா!

— தொறந்துட்டேன்க்கா. இந்தா, வந்துட்டா அதே கண்ணடிக்கிறவ. இது வீரய்யா மாமாவோட கார். இது ஒடம்பு எளைக்கிற மாத்திர. சேர், எங்க ஒங்க அறிவித்தல்?

— பொறும், பொறும். மாறி மாறித்தான் வரும்.

— வந்திருச்சு. ‘தேடுகிறேன். நோட்டன் பிரிட்ஜ் மேல் லயத்தில் இருந்த தங்கை நாகலெட்சுமி. அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் கொண்டுவந்த அக்கா ராக்காயி, கோத்தகிரி.’ அக்கா! கீழ போன் நம்பரும் இருக்கு!

— திரும்பப் படி.

— ‘அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும்…’

— அவதான். அவளேதான். செஞ்சத மறக்கல பாரு, பாவி மக. எனக்கு அழுகையும் வருது, ஆத்திரமும் வருது.

— அழாதீங்கக்கா, எம்மேலயும் தப்பிருக்கு. சேர், நீங்க ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க?

— என்னெண்டு சொல்லுறது பிள்ளை. இவ கதை சொல்லேக்கையே எனக்குப் பிடிபட்டிருக்க வேணும், நூறு அறிவித்தலுக்குள்ள மறந்துபோனன். அந்த அறிவித்தலை நான் இண்டைக்கு எடுக்க இருந்தனான். போன கிழமை ராக்காயி அம்மாவின்ரை மகன் கடிதம் போட்டவர். இவ்வளவு நாளாப் பதில் இல்லை, தங்கச்சி செத்துப்போனாள் எண்டு தாய் முடிவெடுத்திட்டாவாம். தை அமாவாசைக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சாச்சாம்.

— யாருக்கு? எனக்கா? குத்துக்கல்லாட்டம் இங்க ஒக்காந்திருக்கேன், எனக்கு எள்ளுந் தண்ணியுமா? அந்த நம்பரப் போடு பாப்பா.

— பஸ்ஸுக்கு நேரமாச்சேக்கா…

— பஸ் கெடக்குது பஸ்ஸு! நடந்தே போறேன். போடு.

— போட்டுட்டேன். இருங்க, லைன் கெடைக்கட்டும். சேர், ஒங்க பக்கத்துக்கு மட்டும் பூட்ட எடுத்து விடுறேன். ஆனா அந்தக் கண்ணடிக்கிறவ போயிறணும்.

— அவள்தான் பிள்ளை கூடச் சல்லி தாறாள்.

— சேர்!

— சரி, சரி. கொம்பனிக்கு எழுதிப் பாக்கிறன்.

— ஸ்… ரிங் போவுது. மகன்தான் எடுத்தாரு. அம்மாவக் குடுக்குறாராம். யாரு பேசுறதுன்னு அந்தம்மா கேக்குறாங்கக்கா, என்ன சொல்லட்டும்?

— குடு இங்க. ஏ ராக்காயிக்கா! நீ எறைச்ச எள்ளுந் தண்ணியும் வந்து சேந்துருச்சு. கொழவி எப்ப வரும்?