சேகுன் அப்பாவுக்கு உப்பு ஆகாது

அயோக்கா: ...பொய் சொல்லாதீங்க. குழம்பு வாயில வைக்க முடியல.

லடேலே: யார் சொன்னா? அமலா களி ரெண்டு உருண்டை உள்ள போயிடுச்சு, பாரு.

அயோக்கா: துளி உப்பில்ல, சேகுன் அப்பா.

லடேலே: எனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னதுலேருந்து இப்படித்தானே? பிரஷர்...

அயோக்கா: உங்களுக்கு?

லடேலே: எனக்குத்தான். வயசாச்சுல்ல?

அயோக்கா: பிரஷர்காரரு தினம் சாயங்காலம் தெருமுனையில சுட்டு விக்கிற சுயா கறி வாங்கித் திங்கறாரே, அதுல உப்பு கிடையாதோ?

லடேலே: அது... உனக்கு எப்படி?

அயோக்கா: சட்டை பூரா மிளகாய்ப்பொடி வாசனை. இபாதான் ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

லடேலே: சரி சரி, விடு. வியாழக்கிழமை கிளினிக்குக்கு நீயும் துணைக்கு வாயேன். போன கையோட உனக்கும் பிரஷர் பார்த்துடலாம்.

அயோக்கா: எனக்கெதுக்கு?

லடேலே: சும்மாதான். உங்க அம்மா கடைசில...

அயோக்கா: பெத்த பொண்ணையே யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா. பெரியக்காவும் அப்படித்தான் போனா. ரத்தத்துல வர்றதுக்கு பிரஷர் பார்த்து என்ன ஆகப்போகுது?

லடேலே: ரத்தத்துல இருந்தா வந்தே தீரும்னு இல்லையாம். பிரஷரையும் சர்க்கரையையும் அடக்கி வெச்சா மூளைக்கு நல்லதாம்.

அயோக்கா: டாக்டரம்மா சொன்னாங்களா?

லடேலே: ம்.

அயோக்கா: என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க.

லடேலே: ...எப்போ?

அயோக்கா: போன வாரம். தனியாப் போனேன். "உங்க வீட்டுக்காரருக்கு பிரஷரே கிடையாதே, உப்பை யார் நிறுத்தச் சொன்னா?"ன்னு சிரிச்சாங்க.

லடேலே: அயோக்கா...

அயோக்கா: உப்புப் போட மறந்தது நான். ஒரு தடவையில்ல, பல தடவை. அதுக்கு நீங்க நோயாளி வேஷம் போட்டீங்க.

லடேலே: விருந்தாளிங்க முன்னாடி அன்னிக்கு உன் முகம் போன போக்கு... தாங்க முடியலம்மா. உப்பே வேண்டாம்னு ஆக்கிட்டா, மறக்கறதுக்கு ஒண்ணுமில்லையேன்னு...

அயோக்கா: நல்ல ஆளு! மாசக்கணக்கா என்னையும் சப்புன்னு தின்ன வெச்சீங்க.

லடேலே: உனக்கு பிரஷர் எப்படியாம்?

அயோக்கா: கூடுதல்தான். மாத்திரை குடுத்திருக்காங்க. மரவள்ளி மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு.

லடேலே: ஒளிச்சா வெச்சே? என்கிட்டயா?

அயோக்கா: நீங்க மட்டும் ஒளிக்கலயா? உங்களைக் கலவரப்படுத்தாம நானே பார்த்துக்கலாம்னு இருந்தேன்.

லடேலே: அப்புறம் இப்ப ஏன் சொல்றே?

அயோக்கா: இன்னிக்குக் காலையில மாத்திரை போட்டேனா, இல்லையான்னு... ஞாபகமே வரலைங்க.